இருட்டுக்கு ஒரு பெட்டி

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, படூர் தாண்டிக் கேளம்பாக்கம் வரை எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் மூன்றாவது படுக்கையறையை விருந்தாளிக்கென்றுதான் வரைபடத்தில் போட்டார்கள். விருந்தாளிகள் இப்போது இரவு தங்குவதில்லை. அந்த அறைக்குள் ப்ரொஜெக்டர் வந்துவிட்டது. பின்னாலேயே திரை, கூரையில் ஸ்பீக்கர், சாய்ந்துகொள்ளும் சோபா. இவ்வளவும் சேர்ந்த பிறகும் மனம் ஆறாதவர்கள் கடைசியில் வந்து நிற்கும் பொருள் வீடியோ ப்ராசஸர். ப்ளேயருக்கும் ப்ரொஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, வருகிற படத்தை வாங்கித் திருத்தி அனுப்புகிற பெட்டி அது. லூமாஜென் நிறுவனத்தின் ரேடியன்ஸ் ப்ரோவும் மேட்விஆர் நிறுவனத்தின் என்வியும் இந்த வகையில் பெயர் பெற்றவை. அமெரிக்காவிலேயே பல ஆயிரம் டாலர். சுங்கமும் வரியும் கட்டி இங்கே வந்து சேரும்போது பல லட்சம் ரூபாய். அதே அறையில் தொங்கும் ப்ரொஜெக்டரைவிட இது விலை கூடுதலாகிவிடுவதும் உண்டு.

அந்தப் பணத்துக்குப் பெட்டி நியாயம் செய்கிறதா என்பதுதான் எடைபோட வேண்டியது. அதற்கு முன்னால் இன்னொன்றைத் தீர்க்க வேண்டும். படத்தைச் சரிசெய்வதாகப் பெட்டி சொல்கிறது. சரியான படம் என்பது எது?

ஏட்டளவில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. எச்டி படத்துக்கு 1990இல் வகுக்கப்பட்ட ரெக். 709 என்ற தரம், எது சிவப்பு, எது பச்சை, எது நீலம் என்று வரையறுத்தது. வெள்ளை என்றால் ஏறக்குறைய 6500 கெல்வின்; டி65 என்பார்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வெளிச்சம் எந்த வளைவில் ஏற வேண்டும் என்பதை 2011இல் வந்த பிடி.1886 சொன்னது, நடைமுறையில் காமா 2.4. வெள்ளையின் உச்சம் 100 நிட்; திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு அது. சென்னையில் கலர் கிரேடிங் செய்பவரானாலும் லாஸ் ஏஞ்சலிஸில் செய்பவரானாலும், வீட்டுக்குப் போகும் பிரதியை இந்த அளவுக்கு அமைத்த மானிட்டரைப் பார்த்தே முடிவு செய்கிறார். நம் திரையும் அதே அளவில் இருந்தால் அவர் கண்டதை நாமும் காண்போம். ஆகவே ரசனைக்கு இங்கே இடமில்லை, மீட்டர் சொன்னால் போதும் என்பது தூய்மைவாதிகளின் கட்சி.

எதிர்க்கட்சிக்கு ஒரே வாதம்தான்: என் வீடு, என் கண், எனக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்கிறேன். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் அந்தக் கண் எதைப் பார்த்துப் பழகியது என்று கேட்கலாம். புது டிவியை சினிமா மோடுக்கோ ஃபிலிம்மேக்கர் மோடுக்கோ மாற்றியதும் வீட்டில் எழும் முதல் குரல், “என்னங்க இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?” என்பது. கடையில் அந்த டிவி விவிட் மோடில் நின்றது. பக்கத்திலிருக்கும் ஐம்பது டிவிகளை மீறிக் கண்ணை இழுக்க நீலத்தை ஏற்றி வைப்பது அங்கே வழக்கம். வெள்ளை 10,000 கெல்வினை ஒட்டிப் போயிருக்கும். வீட்டுக்கு வந்தும் பலர் அதைத் தொடுவதில்லை.

சரியான வெள்ளை மஞ்சளாகத் தெரிவதற்கு நம் ஊர் விளக்குகளைக் குறைசொல்ல வழியில்லை. மேலைநாட்டு வரவேற்பறைகளில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு வழக்கம். அங்கே டி65 வெள்ளை கொஞ்சம் நீலமாகத்தான் தெரிய வேண்டும். நம் வீட்டு டியூப்லைட் அட்டைப்பெட்டியில் ‘கூல் டேலைட் 6500கே’ என்று அச்சிட்டிருக்கும். அதாவது தமிழ்நாட்டு ஹாலில் எரியும் வெளிச்சமும் கிரேடிங் அறையின் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றே. டியூப்லைட்டைப் போட்டுவிட்டு, டிவியில் வெள்ளைக் காட்சி ஒன்றை நிறுத்தி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்கலாம். ஸ்டாண்டர்ட் மோடில் தாள் வெள்ளையாகவும் டிவி நீலமாகவும் தெரியும். சினிமா மோடுக்குப் போனால் இரண்டும் நெருங்கிவரும். சில மாலைகளில் கண் பழகிவிடும்; அதன்பின் பழைய மோடுக்குத் திரும்பினால் அதுதான் பொறுக்க முடியாததாக இருக்கும். ஆகவே நிறத்தைப் பொறுத்தவரை தரம்தான் வெல்கிறது. ரசனை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி கடைக்காரர் பழக்கிவிட்டது.

வெளிச்சம் என்று வரும்போது தூய்மைவாதிகள் வசதியாக மறந்துவிடுகிற ஒன்று உண்டு. அந்த 100 நிட், அந்த 2.4 காமா எல்லாம் மங்கலான அறைக்கு எழுதப்பட்டவை. கிரேடிங் செய்பவர் பட்டப்பகலில் கிழக்கே கண்ணாடிக் கதவு திறந்த ஹாலில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. கேளம்பாக்கத்தில் ஏழாவது மாடி, எட்டாவது மாடி வீடுகளுக்குக் கோவளம் பக்கத்துக் காயலும் உப்பளங்களும் தெரியும் பால்கனிதான் விற்பனைப் பெருமை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் உள்ளே கொட்டும். அந்த ஹாலில் 2.4 காமா வைத்தால் நிழலிலிருக்கும் எதுவும் தெரியாது. பகலில் 2.2 வைப்பதுதான் தரத்துக்கு உண்மையாக இருப்பது. எண்ணைக் காப்பாற்றிப் படத்தைக் கெடுப்பதில் என்ன சாதனை இருக்கிறது?

ப்ரொஜெக்டரில் இது இன்னும் கடுமையாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். நன்றாக அமைத்த ப்ரொஜெக்டர் 1500 லூமென் தருகிறது என்று வைத்தால் திரையில் வெள்ளை 120 நிட் அளவில் இருக்கும். குறைவில்லை; நாவலூர் ஏஜிஎஸ் போன்ற தியேட்டருக்கு டிஜிட்டல் சினிமா விதி சொல்வதே 48 நிட்தான். இப்போது அறையில் ஒரு விளக்கு எரிகிறது, திரையில் 50 லக்ஸ் விழுகிறது என்போம். சாதாரண ஹால் வெளிச்சத்தில் அது அதிகமில்லை. வெள்ளைத் திரை அதைத் திருப்பி எறியும்போது 16 நிட் ஆகிறது. அதாவது படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் 16 நிட்டில் பளபளக்கிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் எட்டரை மடங்குக்குச் சுருங்குகிறது. ப்ரொஜெக்டர் விளம்பரத்தில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தாலும் இதுதான் கிடைப்பது. ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் அனுப்ப முடியும், இருட்டை அனுப்ப முடியாது. அதற்கு முன்னால் வைக்கும் எந்தப் பெட்டிக்கும் அந்தச் சக்தி கிடையாது.

விளக்கை அணைத்துவிட்டாலும் வெள்ளைச் சுவர் இருக்கிறது. திரையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரையிலேயே விழும். முழு இருட்டான காட்சியில் திரும்பிவர அதிக வெளிச்சம் இல்லாததால் இதன் பாதிப்பு குறைவு. இருட்டும் வெளிச்சமும் ஒரே சட்டகத்தில் இருக்கும்போதுதான் அடி விழும். லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019) முழுக்க ஒரே இரவில் நடக்கிறது. சத்யன் சூர்யனின் ஒளிப்பதிவில் பல காட்சிகளில் வெளிச்சமே லாரியின் முகப்பு விளக்கும் அதைச் சுற்றிய கொஞ்சமும்தான். எந்த ஹோம் தியேட்டரையும் சோதிக்க இதைவிட நல்ல தமிழ்ப் படம் எனக்குத் தோன்றவில்லை. முகப்பு விளக்கு திரைக்குள் வரும் கணத்தில் மீதி இருட்டு சாம்பலாகிறதா என்று பார்த்தால் போதும். சாம்பலானால் செலவிட வேண்டியது கனத்த திரைச்சீலைக்கும், பளபளப்பில்லாத அடர்நிறப் பெயின்டுக்கும். இரண்டும் சேர்ந்தாலும் ப்ராசஸர் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

அதே 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் அத்தியாயம் வெளியானபோது உலகம் முழுக்க ஒரே புலம்பல்: எதுவுமே தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பார்வையாளர்களுக்கு டிவியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை என்ற பொருளில் பதில் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். அவர் சொன்னது பாதி உண்மை. மீதி, இணையத்தில் அனுப்புவதற்காகப் படத்தை நசுக்கியதில் இருந்தது. இருட்டுப் பகுதிக்குச் சிக்கனமாக ஒதுக்கிய தரவு, மென்மையாக மங்க வேண்டிய இருட்டைப் பட்டை பட்டையாக உடைத்துவிட்டது. 4கே டிஸ்க் ஒன்று நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தர வல்லது. ஓடிடியில் 4கே என்றாலும் 15 மெகாபிட்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்கில் வருவது அரிது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நசுக்கிய பிரதிதான் என்பதை இந்த வழக்கில் ஒரு சாட்சியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, காசு செலவில்லாத திருத்தங்கள். இவற்றைச் செய்யாமல் ப்ராசஸர் பற்றிப் பேசுவது வீண்.

எச்டிஎம்ஐ அளவு முதலாவது. வீடியோவில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெள்ளை 235லும் இருக்கும். கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை பயன்படுத்தும். ப்ளேயர் ஒரு கணக்கிலும் ப்ரொஜெக்டர் இன்னொரு கணக்கிலும் இருந்தால், ஒன்று படம் முழுக்க வெளிறிப்போகும், அல்லது இருட்டிலிருக்கும் அனைத்தும் ஒரே கரியாகிவிடும். ‘கைதி’யில் எதுவும் தெரியவில்லை என்ற வீடுகளில் முதலில் தேட வேண்டியது லிமிடெட், ஃபுல் என்ற இந்த ஒற்றை அமைப்பைத்தான். லட்சம் ரூபாய்ப் பெட்டியை நடுவில் வைத்தால் இந்தக் குழப்பம் ஒரு கணு கூடுதலாகுமே தவிரக் குறையாது.

அடுத்தது பிரேம் கணக்கு, அதுவும் குறிப்பாக நம் ஊருக்கானது. சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸ் பால் முறையில் வளர்ந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது முதல் நமக்குப் பழக்கமான கணக்கு 25. அமெரிக்க வழக்கப்படி 60 ஹெர்ட்ஸில் ஓடும்படி விட்டுவைத்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் 24 பிரேம் படம் மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று தடுக்கிக்கொண்டே ஓடும். 25 பிரேம் தொடர் இன்னும் கோணலாக இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று ஓடும். கேமரா மெல்லத் திரும்பும் காட்சியில் இந்த விக்கல் நன்றாகத் தெரியும். ஃபயர் டிவியிலும் ஆப்பிள் டிவியிலும் மூலப் பிரேம் வேகத்தையே பின்பற்றச் சொல்லும் அமைப்பு மெனுவுக்குள் இருக்கிறது. எல்லாச் செயலியும் அதற்குக் கட்டுப்படுவதில்லை என்றாலும், கட்டுப்படுவதில் விக்கல் அங்கேயே நின்றுவிடும்.

இந்த 24, 25 விவகாரத்துக்கு வேடிக்கையான ஒரு பக்கம் உண்டு. பால் முறைக்காக சினிமாவை 25 பிரேமில் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்ட பிரதியில் டி. எம். சௌந்தரராஜன் ஏறக்குறைய அரைக் கட்டை கூட்டிப் பாடுவார். பல பழைய படங்களை நாம் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். எந்த ப்ராசஸரும் அதை இறக்கிக் கொடுப்பதில்லை.

அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. டாம் க்ரூஸ் 2018 டிசம்பரில் அதற்காகவே ஒரு வீடியோ வெளியிட்டார்; மறு ஆண்டு ஆகஸ்டில் யுஎச்டி அலையன்ஸ் அறிவித்த ஃபிலிம்மேக்கர் மோட் இதையும் ஷார்ப்னஸையும் சத்தக் குறைப்பையும் (நாய்ஸ் ரிடக்‌ஷன்) ஒரே பொத்தானில் அணைத்துவிடுகிறது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் செய்த பிறகு ப்ராசஸருக்கு என்ன வேலை மிச்சம்?

அதன் ஆதித் தொழில் பெரிதாக்குவதும் இடைவரிகளைச் சேர்ப்பதும். 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் யீவ் ஃபரூஜாவின் லைன் டப்ளர்கள் பெரிய ப்ரொஜெக்டர் வைத்திருந்த பணக்கார வீடுகளின் அடையாளம். அன்று அதற்கு நியாயம் இருந்தது; வேறு வழி இருக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே பெயரிலான தொழில்நுட்பம் சாதாரண டிவிடி ப்ளேயருக்குள் சில்லாக வந்து உட்கார்ந்தது. இடைக்காலத்தில் கொடிகட்டிய டிவிடிஓ போன்ற பெட்டிகள் இன்று பழைய சாமான். நேற்று தனிப்பெட்டி செய்த வேலையை இன்று டிவிக்குள் இருக்கும் சில்லு செய்துவிடுகிறது. வெளிப்பெட்டிகளின் வரலாறு மொத்தமும் இப்படித்தான் போயிருக்கிறது.

கேபிள் படத்தை 4கே ஆக்கித் தரும் என்ற வாக்குறுதியைக் கணக்காகப் பார்த்தால் அதன் அளவு புரியும். சாதாரண எஸ்டி கேபிள் சட்டகம் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. 4கே திரைக்கு 82,94,400 புள்ளி வேண்டும். சரியாக 20 மடங்கு. திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் பத்தொன்பது பெட்டியின் ஊகம். தமிழக அரசு 2006இல் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவச டிவியில் இதே சிக்னல் கண்ணுக்குக் கச்சிதமாக இருந்தது, ஏனென்றால் அந்தத் திரை இதற்கு ஏற்ற அளவு. அதை 120 அங்குலத்துக்கு இழுத்துவிட்டு, ஊகத்தின் தரத்தை உயர்த்தப் பல லட்சம் கொடுப்பதில் அர்த்தமில்லை. நல்ல ஊகத்துக்கும் சுமாரான ஊகத்துக்கும் வித்தியாசம் தெரியும்தான்; நெடுந்தொடரில் மாமியார் முகத்தில் அந்த வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பழைய சினிமாவில்தான் கேள்வி சிக்கலாகிறது. தரம் பேசும் கட்சி இங்கே வாயடைத்துப்போகிறது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) கேவாகலரில் வந்த முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம். அறுபதுகளில் ஈஸ்ட்மன்கலர். அந்தக்கால ஈஸ்ட்மன் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. அப்படி மங்கிய பிரிண்டிலிருந்து டேப்புக்கு மாற்றி, டேப்பிலிருந்து டிவிடி, அதிலிருந்து யூடியூப் என்று வந்த பிரதியில் ஒளிப்பதிவாளர் நினைத்த நிறம் எங்கே இருக்கிறது? டி65க்கு இம்மி பிசகாமல் அமைத்த திரை அந்த இளஞ்சிவப்பை இம்மி பிசகாமல் காட்டும். மூலத்திலிருந்து திரை வரை சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் தரத்துக்கு அதிகாரம். அறுந்த இடத்தில் டின்ட்டையும் கலரையும் கையால் திருகிப் புடவை பச்சையாகும் வரை நகர்த்துவது குற்றமில்லை; அதுவே நியாயம். ரசனைக் கட்சிக்கு இந்த ஒரு தொகுதியை விட்டுக்கொடுக்கலாம். அதற்குத் தேவையானது ரிமோட், பெட்டி அல்ல.

அகல உயரத்தில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. இருபக்கமும் கறுப்பு தெரிகிறதே என்று ‘ஃபுல்’ போட்டு இழுத்தால் சிவாஜிக்குக் கன்னம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகிறது. விலையுயர்ந்த ப்ராசஸர்கள் இதையே நாசூக்காகச் செய்கின்றன: நடுவை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் இழுக்கும் வசதி. ஓரத்தில் நிற்கும் துணை நடிகர் என்ன பாவம் செய்தார்?

சத்தக் குறைப்பையும் இதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஓடிடியின் நசுங்கிய இருட்டில் தெரியும் பட்டைகளை ப்ராசஸர் நன்றாகவே வழித்துச் சமன் செய்கிறது. மேட்விஆர் இதில் கெட்டிக்காரன், மறுப்பதற்கில்லை. ஆனால் பி. சி. ஸ்ரீராமின் ‘நாயகன்’ (1987) போன்ற படத்தில் குறைந்த வெளிச்சத்தில் பிலிமில் படிந்த மணிகள் (கிரெய்ன்) அந்தப் படத்தின் உடம்பு. கொஞ்சம் தாராளமாக வைத்தால் பெட்டி அதையும் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். தேசிய விருது வாங்கிய ஒளிப்பதிவைத் துடைத்துப் பார்க்கத்தான் இவ்வளவு செலவா?

பெட்டியின் உண்மையான பலம் ஒன்றே ஒன்றில் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எச்டிஆர். வெளிச்ச வீச்சு கூடிய இந்த வகைப் படத்தில் ஒவ்வொரு எண்ணும் இத்தனை நிட் என்று நேரடியாகச் சொல்கிறது. வளைவின் உச்சம் 10,000 நிட், படங்கள் பெரும்பாலும் 1000 அல்லது 4000 நிட்டுக்கு கிரேடிங் ஆகின்றன. நம்மிடம் இருப்பது 120 நிட் திரை. ஆயிரத்தை நூற்றிருபதுக்குள் அடைக்க வேண்டும்; இதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். முழுப் படத்துக்கும் ஒரே வளைவைப் போட்டு அடைத்தால், எங்கோ ஒரு வெடிகுண்டுக் காட்சிக்காகப் படம் முழுக்க இருண்டுபோகும். எச்டிஆர் போட்டால் ப்ரொஜெக்டர் மங்குகிறது என்று பலரும் எஸ்டிஆருக்கே திரும்பிவிடுவது இதனால்தான். நல்ல ப்ராசஸர் ஒவ்வொரு பிரேமையும் அளந்து, இந்தக் காட்சியின் உச்சம் 200தான் என்று தெரிந்தால் அதற்கேற்ற வளைவைப் போடுகிறது. சூரிய ஒளியிலுள்ள மேகமும் தெரிகிறது, நிழலில் நிற்கும் முகமும் மங்குவதில்லை. இருட்டறையில் பெரிய திரையில் இதைப் பார்ப்பவர் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

ஆனாலும் இரண்டு தடைகள். ஜேவிசி 2019இலேயே தன் ப்ரொஜெக்டர்களுக்குள் காட்சிக்குக் காட்சி அளக்கும் இதே வேலையை மென்பொருளாகக் கொண்டுவந்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் தங்கள் வழியில் பின்தொடர்கின்றன. பெட்டி செய்யும் அளவுக்கு நுட்பம் இன்னும் இல்லை, ஆனால் லைன் டப்ளர் போன பாதையில்தான் இதுவும் போகிறது. என்விக்கு முன்னோடியான மேட்விஆர், விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும் இலவச மென்பொருளாகத்தான் பிறந்தது என்பதையும் நினைவில் வைக்கலாம். இன்னொரு தடை டிவிக்காரர்களுக்கு. 1000 நிட் தாண்டும் ஓஎல்இடியோ மினி எல்இடியோ வைத்திருப்பவருக்கு அடைக்க வேண்டிய நெருக்கடியே பெரிதாக இல்லை. டால்பி விஷனும் எச்டிஆர்10 ப்ளஸும் காட்சிவாரியான குறிப்புகளைப் படத்தோடேயே அனுப்பிவிடுகின்றன. டிவிக்கு முன்னால் ப்ராசஸர் வைப்பதை எந்தக் கோணத்திலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஸ்கோப் திரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை மதிப்பெண் தர வேண்டும். தியேட்டருக்கு வரும் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப். சாதாரண 16க்கு 9 திரையில் அவை உயரத்தில் கால்பங்கை வீணாக்குகின்றன. ஆகவே அகலத் திரை போடுவதற்கு ஹாலிவுட் ரசிகரைவிடத் தமிழ் ரசிகருக்குக் காரணம் அதிகம். கறுப்புப் பட்டையைத் தானே கண்டுபிடித்துப் படத்தைப் பொருத்துவதும், வெளியே விழும் சப்டைட்டிலை உள்ளே தூக்கிவைப்பதும் ப்ராசஸருக்கு இயல்பாக வரும். ஜூம் நிலைகளை நினைவில் வைக்கும் லென்ஸ் மெமரி உள்ள ப்ரொஜெக்டர் முதல் பாதியைச் செய்துவிடும். சப்டைட்டில் இல்லாமல் தமிழ்ப் படம் பார்ப்பவருக்கு இரண்டாம் பாதி தேவையில்லை.

ஊரின் தன்மையையும் சேர்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம் கடல். இந்தப் பட்டையில் ஏசியின் வெளி யூனிட் எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். பெரிய ப்ராசஸர்களுக்குள் மின்விசிறி உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்றை உள்ளிழுத்துச் சர்க்யூட்டின் மேல் ஊதுவதுதான் அதன் வேலை. மே மாதத்தில் கரன்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் பெட்டி அணைந்து, மீண்டும் எழுந்து, ப்ளேயரோடும் ப்ரொஜெக்டரோடும் எச்டிஎம்ஐ கைகுலுக்கலைப் புதிதாகத் தொடங்கும். யுபிஎஸ் இல்லாமல் இதை வைக்கவே கூடாது. பழுதானால் கோடம்பாக்கத்தில் பார்த்துக்கொள்ள முடியாது. பெட்டி கடல்கடந்து போய்வர வேண்டும்.

ஆகத் தீர்ப்பு இது. டிவியில் பார்ப்பவருக்கு வேண்டாம். ஹாலில், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ப்ரொஜெக்டர் போட்டிருப்பவருக்கு வேண்டவே வேண்டாம். அவர் பணம் முதலில் ஜன்னலுக்கும் சுவருக்கும் போகட்டும். ஓடிடியும் யூடியூபும் மட்டுமே மூலம் என்றால், அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டியின் திறமையில் சிறுபகுதிதான் பயன்படும். கறுப்புப் பூசிய தனி அறை, நூறு அங்குலத்துக்கு மேல் திரை, நல்ல 4கே ப்ரொஜெக்டர், வெளிநாட்டு எச்டிஆர் டிஸ்க்குகள் அலமாரி நிறைய இருக்கின்றன என்றால் வாங்கலாம், அதுவும் ப்ரொஜெக்டரின் சொந்த டோன் மேப்பிங்கை ஒரு மாதமாவது பார்த்துக் குறை தெரிந்த பிறகு. அதற்கு முன்படியாகச் சில பத்தாயிரம் ரூபாயில் ஒரு கலர் மீட்டரும் எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளும் போதும். ப்ரொஜெக்டரின் சொந்த மெனுவிலேயே வெள்ளையையும் காமாவையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். நண்பர்கள் நாலு பேர் பங்குபோட்டு ஒரே மீட்டரைச் சுற்றில் விடுவது இன்னும் உத்தமம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எச்டிஆருக்கு டோன் மேப்பிங், நிறத்தைத் தரத்துக்குத் திருத்த மீட்டரால் அளந்து ஏற்றிய கலர் அட்டவணை, ஸ்கோப் திரையானால் பட்டை கண்டுபிடிப்பு ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு மெனுவில் மற்றதையெல்லாம் அணைத்துவிடலாம். ஓடிடிக்கென்று தனி மெமரியில் பட்டை நீக்கத்தைக் குறைந்த அளவில் வைக்கலாம். பெட்டியை அலமாரியின் அடித்தட்டில் அடைக்காமல், கடற்காற்று நேராகப் படாத, ஏசி எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.